நான் செஞ்ச ஸ்லைடும் அவ பேசின பேச்சும்

பிரஸ்ஸுல எல்லாத்தையும் மாத்தப் போறோம்னு சின்ன முதலாளி சொன்னப்ப, அப்ப ஆர்டர் செக்‌ஷன் எனக்குத்தான்னு மனசு துள்ளுச்சு. மத்தவுகளுக்கு என்ன ஆகும், யாருக்கு வேலை குறையும், அதெல்லாம் எனக்குத் தோணவே இல்ல.

சிவகாசியில காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற பிரஸ் அது. விருதுநகர்ல இருந்து தினமும் பஸ்ஸுல போய் வருவேன். கம்ப்யூட்டர்ல டிசைன் பண்றதுதான் பேருக்கு என் வேலை. ஆனா அங்கன வழக்கம் என்னன்னா, ஆர்டர் குடுக்குற எந்தப் பார்ட்டி போனை யார் முதல்ல எடுத்தாகளோ அந்தப் பார்ட்டி அவுகளுக்கு. விலை பேசுறதுல ஆரம்பிச்சு பிளேட், மெஷின், பைண்டிங்குன்னு ஒவ்வொருத்தர் பின்னாலயும் நாய் மாதிரி அலைஞ்சு, லாரி ஆபீஸ்ல லோடு ஏத்துற வரைக்கும் அவுக பாடு. சீசன்ல ரெண்டு பேரோட பார்ட்டி ஒரே மெஷினுக்கு வந்து நின்னா அன்னைக்குச் சண்டைதான்.

சின்ன முதலாளி சென்னையில போய் நிர்வாகம் படிச்சுட்டு வந்தவரு. இனிமே பிரிவு பிரிவா வேலை, பார்ட்டி எல்லாரையும் ஆர்டர் செக்‌ஷன்ல ஒருத்தர்தான் பார்க்கணும்னு முடிவு பண்ணிட்டாரு. ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் சாம்பிள் ஆல்பம் போடுறதுக்குள்ள மாறிரணுமாம். அந்த ஒருத்தர் யாருன்னு மட்டும் சொல்லல. சொல்லணுமா என்ன? என்னைவிட அதிகமா பார்ட்டி வச்சிருந்தவுக அங்க யாரும் கிடையாது. கேரளாக்காரங்க போன் பண்ணா என்னைக் கேட்டுத்தான் பண்ணுவாக.

எல்லாரையும் கூட்டி ஸ்லைடு போட்டு விளக்கணும், நீங்கதான் தயார் பண்ணணும்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. எனக்குக் கால் தரையில நிக்கல. சரிங்க சார்னு எந்திரிச்சேன். கதவுகிட்ட போனதும், "பேசுறதை மட்டும் அவ பேசட்டும். உங்க குரல் பின்னால இருக்கவுகளுக்குக் கேக்காது"ன்னாரு.

'அவ'ன்னு அவரு சொன்னது என் பக்கத்து சீட்டுக்காரியை. ஏழாயிரம்பண்ணைப் பிள்ள. அவுக அம்மாவும் அப்பாவும் பட்டாசுக் கம்பெனியில வேலை. எனக்கு எம்புட்டோ பின்னாடி வந்தவ. எந்த ஃபைல் எங்க கிடக்குன்னு அவளுக்குக் காட்டிக் குடுத்ததே நாந்தான். வந்த கொஞ்ச நாள்லயே மொத்த பிரஸ்ஸும் அவ கைக்குள்ள. என்கிட்ட உம்முன்னு நிக்கிற மெஷின்காரர் இருக்காரே, அவரு முதல் ஷீட்டு வந்ததும் அவகிட்டதான் கொண்டுவந்து காட்டுவாரு. டீக்காரர் முதல் கிளாஸை அவ மேசையிலதான் வைப்பாரு. சரி, ஆளு மோசமா இருந்தாலாவது வஞ்சு தீர்க்கலாம். அதுக்கும் வழி இல்ல. நல்ல பிள்ள. அதுதான் எனக்கு ஆகவே ஆகல.

ரெண்டு வாரம் உக்காந்து ஸ்லைடு செஞ்சேன். பழைய முறையில ஒரு ஆர்டர் எங்கெங்க சுத்தி வருது, புது முறையில எப்படி நேரா போகுதுன்னு படம் போட்டேன். முதல் ஸ்லைடுக்கு, போன வருசம் நாங்க அடிச்சதுலயே நல்லா வித்த காலண்டர், தவழ்ற குழந்தை படம், அதைப் பெருசா வச்சேன். சாயந்திரமானா அவ பேசிப் பார்ப்பா, நான் உக்காந்து கேக்கணும். நான் எழுதிக் குடுத்த வரியை அவ வாயால சொல்லும்போது எனக்கே புதுசா இருக்கும். இங்க கொஞ்சம் நிறுத்திப் பேசு பிள்ளன்னு திருத்தவும் செய்வேன். திருத்திட்டு, நம்மளை நாமளே குழியில தள்ளுறோமேன்னு வயிறு எரியும்.

வீட்டுல மச்சான்கிட்ட சொல்லிப் பொருமினேன். சமைக்கிறது நானு, பரிமாறுறது அவளான்னு கேட்டேன். பரிமாறினா என்ன, சாப்பிடுறவுகளுக்கு வயிறு நிறைஞ்சாச் சரின்னாரு. கட்டின புருசனும் அவ கட்சிதான்னு அன்னைக்கு அவருக்கு ரசம் மட்டும் ஊத்தினேன்.

கூட்டம் பைண்டிங் ஹால்ல. அப்பெல்லாம் கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. அல்லாவே, இன்னைக்குக் கரண்ட் போகணும்னு பஸ்ஸுல வரும்போதே துஆ செஞ்சேன். போகவும் செஞ்சது, அவ வணக்கம் சொன்ன உடனே. ஆனா பிரஸ்ஸுல ஜெனரேட்டர் இருக்குங்கிறதை நான் யோசிக்கல. ஓட விட்டுட்டாக.

பின் வரிசையில உக்காந்து நான் கம்ப்யூட்டரைத் தட்டினேன். வெள்ளையடிச்ச சுவத்துல முதல் ஸ்லைடு விழுந்துச்சு. குழந்தை முகம் அடி வாங்கின மாதிரிச் செக்கச்செவேல்னு இருக்கு. வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் அது, கலரைக் கெடுத்துருச்சு.

வேற ஊருல, வேற கம்பெனியில, இதை யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாக. இங்க உக்காந்திருந்தது முழுக்க அச்சுக்காரக. மெஜந்தா தூக்கலா இருக்குன்னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு. மஞ்சள் கம்மின்னாரு அடுத்தவரு. பிளேட் போடுறவரு எந்திரிச்சுப் போய், சட்டைப் பையில இருந்து அச்சுப் புள்ளி பார்க்குற லென்ஸை எடுத்து, சுவத்துல வச்சுக் குனிஞ்சு பார்த்தாரு. சத்தியமாப் பார்த்தாரு. அவ மாத்தத்தைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கா, ஒரு காது கூட அவ பக்கம் இல்ல. டிசைன்லயே தப்புன்னு மெஷின்காரர் என்னைக் கைகாட்டினாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனாலும் உள்ளுக்குள்ள அம்புட்டுச் சந்தோசம். கெட்டா சேந்து கெடட்டும்னு அடுத்த ஸ்லைடுக்குப் போகாம அதையே வச்சிருந்தேன்.

அவ பேச்சை நிப்பாட்டிட்டா. சத்தம் அடங்குற வரைக்கும் சும்மா நின்னா. அப்புறம் சுவத்தைக் காட்டி, இது யாரு தப்புன்னு கேட்டா. மெஷின்காரர் டிசைன்னாரு. நான் புரொஜெக்டர்னேன். பிளேட்டுக்காரர், என்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னாரு, இந்த ஸ்லைடு அவருகிட்ட போகவே இல்ல. ஹாலே சிரிச்சுச்சு.

அவ சிரிக்கல. "இதே கேள்வியைப் பார்ட்டி போன் போட்டுக் கேட்டா, யாரு பதில் சொல்லுவீக?"

ஆளாளுக்கு அடுத்தவரைப் பார்த்தாக.

"பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். இந்த மாத்தம் அதுக்குத்தான்"னா.

இந்த மாத்தமே வேண்டாம்னு மகன்கிட்ட முரண்டு பிடிச்சுக்கிட்டு, பின்னால நாற்காலி போட்டு உக்காந்திருந்த பெரிய முதலாளி, சரிதானேன்னு தலையை ஆட்டினாரு. அதுக்கப்புறம் நான் வரைஞ்ச படம் எதுவும் தேவைப்படல. ரெண்டு வாரம் முதுகு ஒடிஞ்சு நான் செஞ்சது வெறும் சுவத்து வெளிச்சமாப் போச்சு. என் ஸ்லைடுல தெரிஞ்ச ஒத்தத் தப்பை எடுத்து அவ ஜெயிச்சுட்டா. எல்லாரும் கை தட்டினாக. நானும் தட்டினேன், தட்டாம இருந்தா தெரிஞ்சு போகும்ல.

மறுநாள் காலையில ஆர்டர் செக்‌ஷன் அவளுக்குன்னு சொன்னாக. நான் டிசைன் செக்‌ஷன். என் பார்ட்டி அத்தனை பேரோட நம்பரையும் அவகிட்ட ஒப்படைக்கச் சொன்னாக. பாத்ரூம்ல போய் அழுதுட்டு, மூஞ்சியைக் கழுவிட்டு வந்து ஒப்படைச்சேன்.

மத்தியானம் சேவுப் பொட்டலத்தோட என் மேசைக்கு வந்தா. எதிர்ல உக்காந்து, கொஞ்சம் தயங்கி, "அக்கா, நீங்க ஏன் கேக்கல?"ன்னா.

எதைன்னேன்.

"இந்தப் பொறுப்பைத்தான். நான் போன மாசமே போய்க் கேட்டுட்டேன். சின்ன முதலாளிதான், உங்க அக்கா கேப்பாகன்னு நினைச்சேன், கேக்கலையே, இஷ்டம் இல்ல போலன்னு சொன்னாரு. உங்களுக்கு வேணும்னா நான் கேட்டே இருக்க மாட்டேங்க்கா."

எனக்குக் கையில எடுத்த சேவு வாய்க்குப் போகல. எங்க பிரஸ்ஸுல யாரும் எதையும் கேட்டதில்ல. போனஸ்னாலும், சம்பளம் கூட்டுறதுன்னாலும், முதலாளி பார்த்துச் செய்வாருன்னு இருப்போம். வாய் விட்டுக் கேக்குறவுக மரியாதை தெரியாதவுகன்னு ஒரு நினைப்பு. அவரு என் மேசையைத் தாண்டிப் போற ஒவ்வொரு தடவையும், இப்பச் சொல்லிருவாரு இப்பச் சொல்லிருவாருன்னு நிமிந்து நிமிந்து பார்த்தவ நான். இவ பாட்டுக்குக் கதவைத் தட்டிக்கிட்டுப் போய்க் கேட்டிருக்கா. அவ குரல் மேல, சிரிப்பு மேல, முதல் கிளாஸ் டீ மேல எல்லாம் பொறாமைப்பட்டிருக்கேன். அந்த ஒரு 'கேட்டுட்டேன்' மேல வந்த பொறாமை மாதிரி எதுவும் என்னை எரிச்சதில்ல.

"எனக்கு எதுக்கு பிள்ள அதெல்லாம்? வீட்டு வேலை பார்க்கவே நேரம் பத்தல"ன்னேன்.

நம்பிட்டா. அப்பாடான்னு சிரிச்சு, மிச்சச் சேவை என் பக்கம் தள்ளி வச்சுட்டு, மணி அடிச்ச போனை எடுக்க ஓடுனா. கேரளாக்காரங்க போன். என்னைக் கேட்டாக. இனிமே நாந்தான் சொல்லுங்கன்னு அவ சொன்னது இங்கன வரைக்கும் கேட்டுச்சு.