பூநாரையின் நிறம்

என் வீட்டுக்காரர் அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே ஷேடு சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். மிஷின் எதற்கு, கண் இருக்கிறதே என்பார். போன மாதம் பட்டறையில் சாயம் சோதிக்கும் லேபில் வேலை செய்த பெண், "மாஸ்டர், ரோஸ் தூக்கலா இருக்குதுங்க" என்றதற்கு எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அந்தத் துணி ஷேடு தப்பு என்று திரும்பி வந்தது. வாங்கின சாயம் சரியில்லை என்றார் இவர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

தை மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். மறுநாள் காலையில் பழவேற்காடு போனோம். டச்சுக்காரர் கோட்டை என்று பேர்தான் பெரிசு. மேடும் அகழியும் முள்ளும்தான் மிச்சம். இதற்கா மூன்று பஸ் மாறினோம் என்று முணுமுணுத்தேன். பக்கத்துக் கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருந்தது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்.

"கோட்டை போயிருச்சு, காவக்காரனுக மட்டும் இன்னும் நிக்கறானுக பாரு" என்று சிரித்தார்.

பிறகு ஏரியில் படகு. தூரத்தில் பூநாரைகள் வெள்ளையாக நின்றன. படகுக்காரர் இஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் எழும்பியது. சிறகு விரிந்ததும் அப்படி ஒரு இளஞ்சிவப்பு!

"ரோஸ் கலரு பாத்தியா சார்?" என்றார் படகுக்காரர்.

"ரோஸ் எங்கீங்க? வெள்ளைங்க. கொஞ்சம் கிரீம் அடிக்குது" என்றார் இவர், பட்டறையில் அடித்துச் சொல்கிற அதே குரலில்.

படகுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, ரோஸா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாங்க. நல்ல ரோஸுங்க."

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். பறவைகள் தண்ணீரில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அவர்மேல் வந்த பாசம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

"கண்ணுல பொறை விழுந்திருக்குமுங்க. ஆபரேசன் பண்ணுனா செரியாப் போயிரும். திங்கக்கெழம கோயமுத்தூர் போலாங்க" என்றேன்.

"அது பொறவு" என்று போனை என்னிடம் நீட்டினார். "எனக்கு எழுத்துஞ் செரியாத் தெரியறதில்ல. லேபுல இருந்த அந்தப் புள்ளைக்குப் போனப் போடு. அது செரியாத்தான் சொல்லுச்சுன்னு மொதல்ல சொல்லோணும்."