ரஞ்சிதம் தூக்கின பொண்ணு

போன வாரம் கத்திவாக்கம் மார்க்கெட்டில் இறால் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே மாசமாயிருக்கிற என் பேத்தி. கூடைக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இது ரஞ்சிதம் தூக்கின பொண்ணுதானே?" என்றாள். இறால் வேண்டாம் என்று நடந்துவிட்டேன். நல்ல இறால்தான்.

விஷயம் தெரியாமல் நீங்கள் என்னைக் கோபக்காரி என்று நினைக்கக் கூடாது. இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிகள் வருவதற்கு முன்னால் குப்பங்களுக்கும் கம்பெனி லைன் வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பிரசவ ஆஸ்பத்திரி. ஓட்டுக் கட்டடம். உப்புக்காற்றில் கட்டில் கால்கள் துருப்பிடித்து உதிரும். அங்கே நானும் ரஞ்சிதமும் ஆயா. அண்டாவில் பழைய வேட்டிகளை வேகவைத்து, காயவைத்து, குழந்தை சுற்ற மடித்து வைப்போம். அந்த வெந்த துணி வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நின்றுவிடுவேன்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். குழந்தையை முதன்முதலில் வாசலுக்குத் தூக்கி வருகிறவளின் குணம் அதற்கு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். கடலுக்குப் போகிற வீடுகளில் இதில் ரொம்பக் கறார். வலி எடுத்து வருகிறவள் டாக்டரம்மாவைக் கேட்பதற்கு முன்னால், "ரஞ்சிதம் கீறாளா?" என்பாள். அவளுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள் நான். கையும் சுத்தம். ஆனால் அவள் சிரித்த முகம். என் முகம் இப்படித்தான்.

சரி, ஊருக்கு அவள் இருக்கட்டும், என் வீட்டுக்கு நான்தானே என்று இருந்தேன். மகள் தேவிக்கு வலி கண்டது. நான் மடித்து வைத்த துணியிலேயே மெல்லிசாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

"யம்மா, ரஞ்சிதம் அத்தைய தூக்கச் சொல்லு."

"இன்னாடி, உங்காத்தா கை அழுகியா பூட்ச்சு?"

"உன் கோவம் புள்ளைக்கு வோணாம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். வலியில் இருக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? துணியை ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எத்தனை பேரை அந்த வாசலில் காக்க வைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் நின்றேன். எங்கே கை வைப்பது, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. ரஞ்சிதம் குழந்தையை முறைப்படி சம்பந்தியம்மா கையில் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கண்ணுல தண்ணி?"

"பினாயில் நெடி."

"இன்னிக்கு இன்னும் பினாயிலே ஊத்தலியேக்கா."

பாவி, அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பேத்தியும் அச்சு அசல் அப்படித்தான் சிரிக்கிறாள்.

அந்த ஆஸ்பத்திரியில் முதலில் பிரசவத்தை நிறுத்தினார்கள். பிறகு பூட்டினார்கள். இப்போது கட்டடமே இல்லை, கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. மீஞ்சூருக்கு மகன் வீட்டோடு போன ரஞ்சிதமும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நேற்று பேத்தியோடு அவள் பிரசவத்துக்குப் பதிந்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாஸ்க்கால் முகத்தை மூடிய ஒரு நர்ஸ் பெண்ணை நிறுத்தி, "புள்ளைய வெளிய யாரும்மா தூக்கினு வருவாங்கோ?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு டூட்டில யாரோ அவங்க, பாட்டி."

டூட்டியில் இருப்பவள் மேல் எப்படிப் பொறாமைப்படுவது?