குதிகால் தரைக்கு வந்த கதை

பதினாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவளுக்கு, கிளட்ச் மிதிக்கிற இடது கால்தான் மக்கர் பண்ணியது. யார் ஓடி வந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவாள் என்பதால் பயணிகள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. டிப்போ ஷெட்டில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பஸ் டயர் ஒன்று சரிந்து அவள் இடது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு இரண்டும் முறிந்தன. மூன்று மாதம் கட்டு. பிரித்துப் பார்த்தபோது எலும்பு சேர்ந்திருந்தது. பாதம்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பரண்மேல் எதையோ எட்டி எடுக்க நுனிக்காலில் நிற்பவளுடைய பாதம் போல, விரல்கள் கீழே பார்த்தபடி விறைத்து நின்றது. தரைக்கு வரவே மாட்டேன் என்று குதிகால் அடம் பிடித்தது.

டிப்போ மேனேஜர் நல்ல மனிதர்தான். அவளை உட்கார்ந்த வேலைக்கு மாற்றும் கடிதத்தை, அவள் வருவதற்கு முன்பே டைப் அடித்து வைத்திருந்தார்.

"டைம் கீப்பர் ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காரலாம்மா. வெயில் கிடையாது, ஹாரன் கிடையாது. கையெழுத்து மட்டும் போடு."

அவள் இரண்டு முறை படித்தாள். 'நிரந்தரமாக' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த வார்த்தையை யாரைக் கேட்டு சார் போட்டீங்க?"

"டாக்டர் சர்டிஃபிகேட்ல..."

"அதுல கால் இறுகியிருக்குன்னுதான் இருக்கு. இறுகினது இளகாதுன்னு எங்க இருக்கு?"

கடிதத்தை நான்காக மடித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாசலில் காத்திருந்த கணவர் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர். வாயால் சண்டை போடத் தெரியாது. கோபம் வந்தால் மிஷினை வேகமாக மிதிப்பார். அன்று சாயங்காலம் வரை மிஷின் கடகடத்தது.

பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடத்துக் கோணமானிக்குக் கை முளைத்தது போன்ற ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்துப் பார்த்தாள்.

"பாதம் நேரா நிக்கவே இன்னும் பதினெட்டு டிகிரி வேணும்க்கா. முடிஞ்ச வரைக்கும் மேல தள்ளி, அப்படியே மாவுக்கட்டு போட்டுடுவோம். ஒரு வாரம் இழுபட்டே இருந்தா தசை மெல்ல நீளும். அப்புறம் பிரிச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் கட்டு."

"வலிக்குமா?"

"இழுக்கும். ஆனா ஒரே இடத்துல எரிஞ்சாலோ, விரல் மரத்தாலோ உடனே வந்துடணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

"எனக்கு நல்லா வர்றதே அது ஒண்ணுதான்மா."

"அதான் பயமா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

முதல் கட்டில் ஐந்து டிகிரி கிடைத்தது. இரண்டாவதில் நான்கு. கட்டை அறுக்கும் மிஷின் கிர்ரென்று அலறும்போது மற்ற நோயாளிகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது கட்டில் குதிகால் எரிந்தது. சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று இரண்டு நாள் மூச்சு விடவில்லை. பிரித்தபோது தோல் வழன்று, சிவந்த புண் தெரிந்தது. ஆறும் வரை கட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில், அதுவரை கிடைத்திருந்த டிகிரியில் பாதி கைவிட்டுப் போனது.

வீட்டில் புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த கணவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"உன் வீறாப்பை டிப்போவுல காட்டு, நான் குறுக்க நிக்கல. கால்கிட்ட ஏன் காட்டுற? அது உனக்கு என்ன பண்ணுச்சு?"

மிஷினை மிதித்தே கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறவர் வாய் திறந்து கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கட்டு ஆரம்பித்த பிறகு அழுதது அன்றைக்குத்தான். அழுது முடித்துவிட்டு, "சரி, காட்டல" என்றாள்.

அதற்குப் பிறகு கட்டு லேசாக உறுத்தினாலும் போன் போட்டு பிசியோதெரபிப் பெண்ணின் உயிரை வாங்கினாள். கணவர் மெல்லிய பருத்தித் துணியில், தையல் உள்ளே உறுத்தாதபடி காலுறைகள் தைத்தார். அடுத்த கட்டுகளுக்கு அடியில் அவற்றைத்தான் போட்டார்கள். மொத்தம் எட்டுக் கட்டு. ஆறாவதைப் பிரித்த அன்று குதிகால் தரையில் பதிந்தது. சிமெண்ட் தரையின் குளிர்ச்சி பட்டதும் அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். எட்டாவது முடிந்தபோது பாதம் நேர்நிலையைத் தாண்டி ஆறு டிகிரி மேலே வந்திருந்தது.

"தினமும் படுக்கும்போது பாதத்தை மேல தூக்கிப் பிடிக்கிற இந்த பிரேஸைப் போட்டே ஆகணும். விட்டா தசை பழையபடி சுருங்கிடும். அப்புறம், வலது கால் அளவுக்கு வராதுக்கா. பொய் சொல்ல மாட்டேன்."

"வலது கால் அளவுக்கு யார் கேட்டா? கிளட்ச் பெடல்ல ஏறி உக்காந்தா போதும்."

கட்டுக்குள் கிடந்து சூம்பிப்போன கெண்டைக்காலைத் தேற்ற இன்னும் இரண்டு மாதம் ஆனது. பிறகு அவளே போய்ச் சோதனை வைக்கச் சொன்னாள். ஒரு காலைப் பொழுதில் ஷெட் முழுக்கக் கூடிவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு ஐம்பது முறை கிளட்ச் மிதிக்கச் சொன்னார் மேனேஜர். அவள் சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளிக்கொண்டாள். முப்பதில் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. நாற்பதில் மேனேஜருக்கே மனசு கேட்கவில்லை.

"போதும்மா, விடு."

"நீங்க எண்ணுங்க சார். விட்டுடாதீங்க."

ஐம்பது முடிந்ததும் வண்டியைக் கிளப்பச் சொன்னார்கள். ஷெட்டுக்கு வெளியே ஏற்றத்தில், அரை கிளட்ச்சில் பஸ்ஸை இம்மியும் பின்னால் போகவிடாமல் நிறுத்திக் காட்டினாள்.

மேனேஜர் படிக்கட்டில் நின்று அவள் காலைப் பார்த்தார். "இன்னும் முழுசா மடங்கலையேம்மா."

"கால் மடங்கலைன்னா என்ன சார்? கிளட்ச் இறங்குதா இல்லையா?"

அவர் இறங்கிப் போய், முதல் மூன்று மாதத்துக்கு அரை ஷிஃப்ட் என்று எழுதினார். அது போதாது என்று அவள் அதற்கும் சண்டை பிடித்தாள், நடக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை சின்ன ரூட்டில் வண்டி எடுத்தாள்.

இப்போதும் காலையில் பிரேஸைக் கழற்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் கணுக்காலை இழுத்துவிடுகிறாள். குளிர்நாட்களில் கொஞ்சம் நொண்டுகிறாள். ஏறுகிறவர்களில் யாராவது கால் சரியாகிவிட்டதா என்று கேட்டால், "சரியாகலை, ஆனா ஓட்டுறேன்ல? உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு முதல் கியரைப் போடுகிறாள்.