வாய்க்காலுக்கு அக்கரையில் எனக்கொரு வீடு

பாலக்காட்டு டவுன் கிழக்கே கோயம்புத்தூரைப் பார்த்துப் பரவிக்கொண்டே வந்து, மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊர் என்று ஒருமையில் சொன்னால் இரண்டு தரப்பும் சேர்ந்து என்னை அடிக்க வரும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் களம். ஓட்டு வீடு, வைக்கோல் போர், மாடு, நான். அந்தப் பக்கம் நகர். இன்டர்லாக் பதித்த ரோடு, கேட், கேட்டில் நாய் ஜாக்கிரதை போர்டு. போர்டு மட்டும்தான், நாய் எங்கள் பக்கத்தில் திரிகிறது. ஒரே வார்டு, ஒரே மெம்பர், ஒரே குடிதண்ணீர்த் தட்டுப்பாடு.

நகர் இருக்கிற இடம் முழுக்க ஒருகாலத்தில் எங்கள் அப்பாக்களின் வயல். அதை சென்ட் சென்ட்டாக விற்றுவிட்டு, வாங்கியவர்கள் வீடு கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

நகர்க்காரர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து உண்டு: கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், வேலையில்லாமல் ஷூ போட்டு நடந்து வேர்க்க வைத்துக்கொள்கிறவர்கள். எங்களைப் பற்றி அவர்களுக்கும் ஒன்று உண்டு: ஆள் வருவதற்கு முன்னால் சாணி வாசம் வரும், பேசுகிற சத்தத்துக்கு போன் தேவையில்லை. இரண்டுமே உண்மை. கரண்ட் போனால் போட்டி உச்சத்துக்குப் போகும். இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு டிரான்ஸ்பார்மர். எந்தப் பக்கம் முதலில் கரண்ட் வருகிறதோ அந்தப் பக்கம் மற்றதைப் பார்த்து ஊளையிட வேண்டும் என்பது வழக்கம். ரிட்டயரான பாங்க் மேனேஜர் ஒருவர் மொட்டைமாடிக்கு வந்து, வாயைக் கையால் குவித்து ஊளையிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

என் உயிர்ச் சிநேகிதன் நகர்க்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இடம். இப்போது டவுனில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. அவனுக்கு நான் களம், எனக்கு அவன் நகர்.

"என்ன களம், மாடு குளிச்சுதா?"

"குளிச்சுது நகர். நீ?"

இப்படித்தான் எங்கள் காலை வணக்கம்.

இனி என் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாத ஒன்றைப் பற்றி நிறையப் பேசலாம். எனக்கு நாற்பதை நெருங்குகிற வயது. கொஞ்சம் வயல், மூன்று கறவை மாடு, காலையில் நகர் முழுக்கப் பால் ஊற்றுகிற வேலை. எங்கள் களத்தில் என்னைப் போல வயலும் மாடும் இருந்து பெண் கிடைக்காத பையன்களை வரிசையாக நிறுத்தினால் வாய்க்காலுக்கு வேலி தேவையில்லை. தரகரிடம் என் போட்டோவைக் கொடுத்தபோது அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "போன வருசம் எடுத்ததுங்களா?" என்றார்.

"போன வாரமுங்க."

"அப்ப போன வருசம் எடுத்தது இருந்தாக் குடுங்க."

அதே தரகர்தான் கொல்லங்கோட்டுப் பெண்ணைக் கொண்டுவந்தார். ஒரு கிளினிக்கில் லேப் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது என்று அவர் சொன்னபோது என் அம்மா இரண்டாவது ஜோசியரிடமும் ஓடிப் போய்க் கேட்டு வந்தாள். முதல் ஆள் தவறாகப் பார்த்திருப்பார் என்பது அவளுடைய சந்தேகம். அந்த அளவுக்கு நம்பிக்கை.

தரகர் நல்ல மனதோடு ஒரு காரியம் செய்தார். பெரியவர்களுக்குத் தெரியாமல் நம்பரை வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை பேசினேன். எடுத்த உடனே அந்தப் பெண் கேட்டது:

"மாடு எத்தனைங்க?"

"மூணுங்க. களத்துல எங்க ஊட்டுக்குப் பின்னாலதான் கட்டியிருக்குது. என்னையும் அம்மாவையும் சேத்து மொத்தம் அஞ்சு பேருங்க."

அந்தப் பெண் சிரித்தது. என் நகைச்சுவைக்கு மாடுகள்கூட அப்படித் தலையாட்டியதில்லை. போனை வைத்த பிறகு வெகு நேரம் தொழுவத்திலேயே நின்றிருந்தேன். இந்தச் சிரிப்பு வீட்டுக்குள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகப் புதுச் சட்டைகூட எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் நேராக வீட்டுக்கு வர மாட்டார்கள். முதலில் விசாரணை. இரண்டு ஆண்கள் வந்து பாலத்தடி சாயாக்கடையில் உட்கார்ந்து, பால் விடாத கட்டன் சாயா சொல்லி, மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, எதேச்சையாகக் கேட்பதுபோல் பையனைப் பற்றிக் கேட்பார்கள். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு, அசட்டு மரியாதை. இவர்கள் யார் என்று கடைப் பூனைக்குக்கூடத் தெரியும். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. களத்துப் பையனைப் பற்றி நகர்க்காரன் சொல்ல வேண்டும், நகர்ப் பையனைப் பற்றிக் களத்துக்காரன் சொல்ல வேண்டும். சொந்தப் பக்கத்து ஆள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எத்தனை வாய்ச்சண்டை இருந்தாலும் விசாரணை என்று வந்துவிட்டால் எதிர்ப்பக்கத்துப் பையனை ஒருவரும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆகவே, விசாரிக்க வருகிறார்கள் என்று தரகர் காதில் போட்ட அன்று சிநேகிதனிடம், "சாயங்காலம் கடைப் பக்கமா இருடா" என்று சொல்லிவைத்தேன். நான் பால் கேனைக் கழுவி எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் வந்தபோதே முன்னால் இரண்டு வெள்ளை வேட்டி உட்கார்ந்திருந்தது. பெண்ணின் தாய்மாமன்கள். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் அப்படியே விறகுக் கட்டுக்குப் பின்னால் குந்திவிட்டேன். இந்த உடம்போடு குந்துவது எளிதல்ல. எழுவது பற்றி அப்போது யோசிக்கவில்லை.

மூத்த மாமன் ஆரம்பித்தார். "ஏனுங்க, இங்க பால் யாவாரம் பண்ற பையன் ஒருத்தரு இருக்கறாராமா. எப்படீங்க?"

"யாரு, அவனுங்களா? தங்கமுங்க" என்றான் என் சிநேகிதன். "பீடி கெடையாது, குடி கெடையாது. என்றகூட ஒண்ணாப்புல இருந்து படிச்சவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளமுங்க. மனசுல ஒண்ணுங் கெடையாது."

விறகுக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கியது. புகையும் ஒரு காரணம்.

"ஊடு எங்கீங்க?"

அவன் யோசிக்கிறான் என்று தெரிந்தது. அவன் யோசித்தால் எனக்கு எப்போதும் பயம்.

"நகர்லீங்க. என்ற ஊட்டுக்கு ரெண்டு ஊடு தள்ளி. மொட்டைமாடி ஊடு."

நிஜத்தைச் சொல்கிறேன்: ஒரு நொடி எனக்கு சந்தோஷமாக இருந்தது. எனக்கு மொட்டைமாடி வீடு! என்ன பெயிண்ட் அடித்திருப்பேன் என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

"மாடு இருக்குதுன்னாங்களே?" என்றார் இளைய மாமன்.

"அது… களத்துப் பக்கம் கட்டியிருக்குதுங்க. ஆள் வெச்சுப் பாக்கறான். சும்மா ஒரு ஆசைக்குங்க."

ஆக, நான் முதலாளியும் ஆனேன், எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆளும் ஆனேன். எழுந்து வெளியே வந்து இல்லையென்று சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை விறகுக்குப் பின்னாலிருந்து கேனோடு எழுந்து வருகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். குந்தியே இருந்தேன்.

வந்தவர்கள் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டோம். அப்படியே ஊட்டை வெளிய இருந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிர்றோமுங்க" என்று பைக்கை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி நகருக்குள் போனார்கள்.

நான் கால் மரத்துப்போய் வெளியே வந்தேன். "டேய், என்னடா சொன்ன?"

"ஏண்டா, நல்லாத்தானே சொன்னேன்?"

"எனக்கு நகர்ல ஊடு எங்கடா இருக்குது?"

"என்ற மாடி சும்மாதானே கெடக்குது? கல்யாணம் ஆச்சுன்னா எடுத்துக்கோ. வாடகையே வேண்டாம்." அவன் முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை. "களம்னு சொன்னா அந்தாளுக மூஞ்சியச் சுளிச்சிருவாங்கடா. அதான் உன்னைய இந்தப் பக்கமா இழுத்து உட்டேன்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை வருடம் விளையாட்டு என்று நான் நினைத்திருந்த பேச்சில் பாதியை அவன் நிஜமாகவே நம்பிவந்திருக்கிறான். என்மேல் இருக்கிற பிரியத்தால், நான் எங்கே இருக்கிறேன் என்பதை மறைத்துவிட்டான். அவனைச் சொல்லி என்ன, நானும் நம்பியிருக்கிறேன். இல்லையென்றால் அந்த ஒரு நொடி சந்தோஷம் எங்கிருந்து வந்தது?

நகருக்குள் என்ன நடந்தது என்று மறுநாள் காலையில் தெரிந்தது. மூலை வீட்டு மலையாளி டீச்சர், ரிட்டயரானவர், பால் வாங்கும்போது மிகுந்த உற்சாகமாகச் சொன்னார்: "இன்னலெ சாயங்காலம் உன்னைத் தேடி ரெண்டு பேர் வந்நு. இந்த நகர்ல உன் வீடு ஏதுன்னு கேட்டாங்க. அவன் இவிடெ அல்ல, அக்கரையில, பசுத் தொழுத்து உள்ள வீடுன்னு ஞான் சொன்னேன். நல்ல பையன், பாலில வெள்ளம் சேர்க்க மாட்டான்னும் சொன்னேன்."

"ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்று அரை டம்ளர் கூடுதலாக ஊற்றினேன். உலகத்தில் அன்று எல்லோரும் எனக்கு நல்லதுதான் செய்திருந்தார்கள்.

தரகர் போனை எடுப்பதை நிறுத்தினார். அம்மா தொழுவத்தைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் காரில் நானும் அவனும் கொல்லங்கோட்டுக்குப் போனோம். உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்பது அவன் கட்சி. எனக்குக் கட்சி எதுவும் இல்லை. புதுச் சட்டை இருந்தது.

மூத்த மாமன் வாசலுக்கு வந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்தார். ஜன்னல் வழியாக அவர்களுடைய தொழுவம் தெரிந்தது. எங்களுடையதைவிடப் பெரிது.

"மாடு எங்களுக்கும் இருக்குதுங்களே தம்பி" என்றார் அவர் என் பார்வையைப் பார்த்து. "எங்க புள்ளைக்கு மாடுன்னா உசுரு. களத்து ஊடுன்னா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?"

"பின்னே என்னங்க?" என்றான் சிநேகிதன்.

"ஊட்டையே மாத்திச் சொன்னீங்களே. இன்னும் என்னென்னத்த மாத்தியிருப்பீங்களோன்னு எங்களுக்குப் பயம் வருமில்லீங்களா?"

"அது நானாச் சொன்னதுங்க. இவனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"உங்களை அங்க நிறுத்தி வெச்சது யாருங்க?"

சிநேகிதன் என்னைப் பார்த்தான். நான் காப்பியைப் பார்த்தேன். மாமன் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசி ஏதாவது ஜோக்கடித்துச் சமாளித்திருப்பேன். "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்றார். மரியாதையாக மறுக்கிறவர்களிடம் என் வாய் வேலை செய்வதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சிநேகிதன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடியே வந்தான். "ஜலதோஷம்" என்றான். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

சில நாள் கழித்து, மத்தியானம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தானுங்க."

குரல் தெரிந்தது. அரிவாளைக் கீழே வைத்தேன்.

"நகர்ல ஊடுன்னு நீங்க சொல்லச் சொல்லித்தான் அவரு சொன்னாருங்களா?"

"இல்லீங்க."

"எனக்குத் தெரியுமுங்க. மாடு களத்துல, ஊட்டுக்குப் பின்னாலதான்னு நீங்க எங்கிட்ட அன்னைக்கே சொன்னீங்களே."

"அதை உங்க மாமாகிட்ட…"

"சொன்னேனுங்க. உனக்கெப்படித் தெரியும், எங்களுக்குத் தெரியாம பேசினயான்னு அது ஒரு பெரிய சண்டையாயிப் போச்சுங்க." அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "நான் நம்பறனுங்க. நான் நம்பி என்னாகப் போகுது? கோயம்புத்தூர்ல ஒருத்தருக்குப் பேசி முடிச்சுட்டாங்க. அப்பார்ட்மெண்ட்டாமா. ஆறாவது மாடி."

"நல்லதுங்க" என்றேன்.

"நல்லதுதானுங்களா?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் நான். என் வாயைப் பற்றி நகரிலும் களத்திலும் ஒரே கருத்துதான். அன்று கீழே வைத்த அரிவாளை எடுத்து, அறுத்த புல்லையே மறுபடி அறுத்தேன். மறுமுனையில் கிளினிக்கில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "வெச்சர்றனுங்க" என்று அந்தப் பெண் வைத்துவிட்டது.

வரப்பில் சிநேகிதன் வந்துகொண்டிருந்தான். ஆபீஸ் ஷூ சேற்றில் புதைவதைப் பொருட்படுத்தாமல் நேராக வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இப்படி வந்துவிடுகிறான்.

"யாருடா போன்ல?"

"ராங் நம்பர்."

அவன் முகம் தெளிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புல்லைக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டான். இங்கே பக்கத்தில், சித்தூரில், புதுத் தரகர் ஒருவர் இருக்கிறாராம், கைராசியான ஆளாம், நாளைக்கே போய்ப் பார்க்கலாமாம். "இந்தத் தடவ நெஜத்தையே சொல்லீர்றேண்டா. களம்தான், ஓட்டு ஊடுதான், அவனேதான் சாணி அள்றான்னு, எல்லாத்தையும் சொல்லீர்றேன்."

"சொல்லு" என்றேன்.

இனி விசாரிக்க யார் வரப் போகிறார்கள், யாரிடம் சொல்லப் போகிறான் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு அது தோன்றவும் இல்லை. போட்டோ வேண்டுமே என்றான். போனை எடுத்து, என்னை நிமிர்ந்து உட்காரச் சொன்னான். உட்கார்ந்தேன். சிரிக்கச் சொன்னான்.