வாயில் ஆணியும் ஜன்னலில் பூனையும்

எதைக் கேட்டாலும் "ம்ம்" என்றுதான் பதில் வரும். "அண்ணே, என் நாற்காலி ஆச்சா?" என்றால் "ம்ம்". "நாளைக்கு வரட்டுமா?" என்றால் கொஞ்சம் இழுத்து "ம்ம்ம்". "அண்ணி வெளியே போயிட்டாங்களா?" என்றால் தலையை ஆட்டி, வெட்டி வெட்டி "ம்-ம்". குஷன் கடை அண்ணனுக்கு வாய் நிறைய ஆணி. தலை தட்டையான குட்டி ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தம் வைத்த சுத்தியலை வாயருகே கொண்டுபோனால் ஆணி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். டொக்கென்று ஒரு தட்டு, ஆணி நிற்கும். டொக் டொக்கென்று இன்னும் இரண்டு, ஆணி சோபாவுக்குள் போய்விடும். அதற்குள் அடுத்த ஆணி உதட்டில் தயார். இது அவருக்குச் சொந்தப் பல் இருந்த காலம்.

என் வீடு எதிர் மாடி. சந்து மகா குறுகல். அவர் கடையில் தும்மினால் என் வீட்டுத் திரைச்சீலை ஆடும். கீழே முன்னறைதான் கடை. அண்ணன் சோபாவுக்கு ஆணி அடிப்பார், அண்ணி மூலையில் உட்கார்ந்து மெஷினில் உறை தைப்பார். இருவருக்கும் நடுவே பஞ்சும் ஃபோமும் ரெக்ஸினும் மலையாகக் கிடக்கும். அந்த மலைக்குள் அண்ணன் சோறு போடும் பூனைகள் நுழையக்கூடாது. ஊரான் வீட்டு வெல்வெட்டில் ஒரு நகக்கீறல் விழுந்தாலும் பிழைப்பில் மண். ஆகவே ஜன்னல்தான் எல்லை. ஜன்னல் கட்டைமேல் அண்ணன் துண்டுத் துணியில் மெத்தை தைத்துப் போட்டிருப்பார். அது வேலைக்கு வரும் சோபாவைப் பொறுத்து மாறும். பச்சை வெல்வெட் தெரிந்தால் வக்கீல் வீட்டு வேலை நடக்கிறது, பூப்போட்ட துணி தெரிந்தால் எவருக்கோ புதுக் குடித்தனம் என்று நான் மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன்.

மெத்தையில் யார் உட்காருவது என்பதில் தினமும் அடிதடி. மேனேஜர் என்று ஒரு கடுவன் பூனை. வேலை ஒன்றும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும். கிழிசல் என்று ஒன்று, அதற்குக் காது இருந்ததைவிட இல்லாததுதான் அதிகம். டீச்சர் என்று ஒரு சாம்பல் நிறத்தாய். எந்தக் குட்டி வாலாட்டினாலும் பளாரென்று ஒரு அறை. எல்லாம் வெளியில் வளர்ந்தவை. சோறு இங்கே, தூக்கம் எங்கேயோ, சண்டை ஊர் முழுக்க. அண்ணனையும் சேர்த்து எவர் கைக்கும் வராது. "கையில வராது தங்கச்சி, காதுலதான் வரும்" என்பார், ஆணியைத் துப்பிவிட்டு. உண்மைதான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் திரும்பிப் பார்க்காது. அவர் சுத்தியலை எடுத்தால் சுவர்மேல் வரிசையாக வந்துவிடும். அவை கத்தும், இவர் "ம்ம்" என்பார். மணிக்கணக்கில் ஓடும் இந்தப் பேச்சுவார்த்தை.

அவர் பெருமை இருக்கட்டும், பாடுபட்டவர்கள் நாங்கள். காலையில் அண்ணி கதவைத் திறந்து காலை வைத்தால் மிதியடிமேல் ஒரு செத்த எலி, தலை மட்டும் தனியாக. "பாருங்க, உங்க மேனேஜர் எனக்குப் பரிசு கொண்டுவந்து வச்சிருக்கான்! இந்த வீட்டுல நான் இருக்கணும், இல்ல இதுங்க இருக்கணும்!" என்று தெருவே கேட்கக் கத்துவார். அண்ணன் "ம்ம்" என்பார். எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று தெரியாது.

என் பங்குக்கு ரோஜாத் தொட்டிகள். நான் பார்த்துப் பார்த்து மண் கொத்தி வைத்தால், கொத்தியது தங்களுக்காகத்தான் என்று நினைத்து வரிசையாக வந்து உட்காரும். ஒரு நாள் கீழே இறங்கிப்போய் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அண்ணன் மறுநாள் அளவெடுத்து, செடிக்கு மட்டும் ஓட்டை விட்டு, தொட்டிகளுக்கெல்லாம் பழுப்பு ரெக்ஸினில் உறை போட்டுக் கொடுத்தார், ஓரத்தில் பித்தளைக் குமிழ் ஆணி வேறு. என் ரோஜாக்கள் சோபா உடுத்திக்கொண்டு நின்றன. வந்த விருந்தாளிகளெல்லாம் சிரித்தார்கள். அதன் பிறகு எங்கே நான் சண்டை போடுவது?

ஸ்பிரிங் வந்த கதையைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. பல் டாக்டரின் கிளினிக்கிலிருந்து நீளமான சோபா ஒன்று வேலைக்கு வந்திருந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, அடித்துணியைப் பிய்த்துவிட்டு அண்ணனும் அண்ணியும் சாப்பிடப் போனார்கள். டீச்சர் அப்போது குட்டி போட்டு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். திறந்து கிடந்த சோபா அதற்கு மாளிகையாகத் தெரிந்திருக்க வேண்டும். குட்டிகளைக் கவ்வி வந்து உள்ளே வைத்துவிட்டது. பிறகு என்ன தோன்றியதோ, ஒவ்வொன்றாகத் திரும்பத் தூக்கிப்போக ஆரம்பித்தது. ஒன்று பாக்கி இருக்கும்போது அண்ணன் வந்துவிட்டார். வாயில் ஆணியைக் கொட்டிக்கொண்டு கறுப்பு அடித்துணியை வைத்து டொக், டொக் டொக். சோபாவுக்குள்ளிருந்து "மியா" என்றது. இவர் வழக்கம்போல "ம்ம்" என்றார். ஜன்னல் பூனை என்று நினைப்பு. அது கத்தக் கத்த இவர் பதில் சொல்லிக்கொண்டே கடைசி ஆணிவரை அடித்து, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். உலகத்தில் வேறு எவரும் இப்படி ஒரு தப்பு செய்திருக்க முடியாது.

சாயங்காலம் டாக்டரே போன் செய்தார். "என்னய்யா சோபா குடுத்திருக்கீங்க? அழுவுது! உள்ள ஏதோ குழந்தைக்குப் பல்லு புடுங்குறேன்னு நெனச்சு ரெண்டு பேஷண்ட் எழுந்து போயிட்டாங்க!"

அண்ணன் குறடும் கையுமாக ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் கூடவே போனேன். அடித்துணியைப் பிரித்தால், குட்டி ஒரு ஸ்பிரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சீறுகிறது. கை விட்டால் இன்னும் உள்ளே போகிறது. டாக்டர் பால் வைத்தார், நர்ஸம்மா கொஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் யோசித்துவிட்டு, பையிலிருந்து ஆணியை எடுத்து வாயில் போட்டு, சும்மா ஒரு மூலையில் அடிக்க ஆரம்பித்தார். டொக், டொக் டொக். குட்டி தலையை நீட்டியது. அந்தச் சத்தத்தை நோக்கித் தவழ்ந்து வந்து அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் அதற்குத் தெரிந்திருந்த சத்தம் அது ஒன்றுதான் போலும். ஸ்பிரிங் என்றே பேர் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்தோம்.

அதோடு அண்ணி ஒரே பிடியாக நின்று, கை முழுக்கக் கீறல் வாங்கிக்கொண்டு, கூடையும் கையுமாக எல்லாவற்றையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டார். புதுக் குட்டிகள் வரவில்லை. இருந்தவையும் குறையத் தொடங்கின. அந்தக் குறுகல் சந்துக்குள்ளும் கார்கள் நுழையத் தொடங்கிய காலம் அது. மேனேஜர் ஒரு காருக்கடியில் போயிற்று. எலிக்காக அத்தனை ஏசிய அண்ணி, வாசல்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். கிழிசல் ஒரு சண்டைக்குப் போனது, வரவில்லை. டீச்சர் ஒரு நாள் வழக்கம்போல் மெத்தையிலிருந்து இறங்கிப் போனது, அவ்வளவுதான். வெளியில் வளர்க்கிற பூனைகள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அண்ணனின் மகளும் படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் வாசல்படியில் நூலை ஆட்ட, பூனைகள் தாவ, உள்ளே மெஷின் கடகடக்க, சுத்தியல் டொக் டொக்கென்று அடிக்க, நான் மாடியிலிருந்து "ச்சூ! என் ரோஜா!" என்று கத்திய சாயங்காலங்கள் எனக்குத் திரும்ப வேண்டும்போல இருக்கிறது. அப்போது என்னவோ தொல்லை என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. அதற்கும் வயதாகிவிட்டது. அண்ணனுக்குப் பல் போய்விட்டது. அதே டாக்டர்தான் பல் செட் கட்டிக்கொடுத்தார். புதுப் பல்லோடு முதல் நாள் ஆணியை வாயில் போட்டார். நாக்குக்கு ஆணி எங்கே, பல் எங்கே என்று பிடிபடவில்லை. ஒன்று தொண்டைக்கு வழுக்கிவிட்டது. அண்ணி முதுகில் விட்ட அடியில் வெளியே தெறித்தது, பிழைத்தார். சேதி கேட்ட மகள் அடுத்த வாரமே கம்ப்ரஸரும் காற்றில் ஓடும் ஸ்டேப்ளர் துப்பாக்கியும் அனுப்பிவிட்டாள். அண்ணனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "இத முன்னாடியே வாங்காம மணிக்கட்ட கெடுத்துக்கிட்டேன் தங்கச்சி! ஒரு சோபா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுது!" என்று வாய் நிறையப் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

வருத்தம் ஸ்பிரிங்குக்கு. கம்ப்ரஸர் டர்ர்ர் என்று உறுமியதும் ஜன்னலிலிருந்து எகிறிக் குதித்துப் போனது, போனதுதான். சலவைக் கடையின் பின்சுவர்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. என் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும். விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. எங்கிருந்தோ வந்த இளவட்டக் கடுவன் ஒன்று அதன் காதைக் கிழித்திருந்தது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. "மழை புடிச்சா அந்தச் சுவத்துல தாங்காது தங்கச்சி. அதுக்கு முன்னாடி வந்துடணும்" என்று அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார். மீன் கொண்டுபோனார், அவர் கிட்டே போனால் அது அடுத்த சுவருக்குத் தாவியது, மீனைக் கடுவன் தின்றது. கூடை கொண்டுபோனார், கையில் நாலு கோடு வாங்கிக்கொண்டு வந்தார். கம்ப்ரஸரைப் பின்னறைக்குத் தள்ளி, கதவைச் சாத்தி, நீளக் குழாய் போட்டார். சத்தம் அடங்கியது. ஸ்பிரிங் வரவில்லை.

பிறகுதான் பழைய சுத்தியலை எடுத்தார். ஆணியை டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வெற்றுக் கட்டையில் அடித்தார். நான் பால்கனியில் நின்று வர்ணனை கொடுத்தேன். "எழுந்துடுச்சு அண்ணே! காதைத் திருப்புது... ஐயோ, மறுபடி உக்காந்துடுச்சு!" மூன்று நாள் இதே கதை.

"தாளம் தப்புது" என்றார் அண்ணன். "வாயிலேருந்து எடுத்தா இடைவெளி கம்மி. டப்பாவுல குனிஞ்சு பொறுக்கி எடுக்குறதுக்குள்ள நேரம் ஆயிடுது. யாரோ வேத்தாள் அடிக்கிறான்னு நெனைக்குது." சொல்லிக்கொண்டே ஒரு பிடி ஆணியை வாயருகே கொண்டுபோனார்.

அண்ணி மெஷினிலிருந்து பாய்ந்து எழுந்தார். "வாயத் திறந்து பாருங்க, என்ன நடக்குதுன்னு! ஒரு பூனைக்காக ஆணிய முழுங்கிச் சாகப் போறீங்களா? குடுங்க இப்படி!" ஆணியைப் பிடுங்கித் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். அப்படியே முறைத்துக்கொண்டு நின்றவர், ஒரு ஆணியைத் தலைகீழாகப் பிடித்து, அண்ணனின் வாய்க்கு நேராக, உதடு இருக்கும் உயரத்தில் நீட்டினார். "ம், அடிங்க. நேரமாகுதுல்ல?"

முதல் சில ஆணிகள் கோணலாகப் போயின. ஒன்று அண்ணியின் விரலைப் பதம் பார்த்தது; அதற்கு அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு கை பழகிவிட்டது. சுத்தியல் வரும்போது ஆணி அங்கே இருந்தது. டொக், டொக் டொக். டொக், டொக் டொக். அந்தச் சத்தத்தைக் கேட்டு நானே ஒரு நிமிஷம் எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்று மறந்துவிட்டேன்.

சலவைக் கடைச் சுவரில் ஸ்பிரிங் எழுந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அது சுவரோரமாக வந்தது, நின்றது, கேட்டது, வந்தது. என் பால்கனியில் குதித்து, ரெக்ஸின் கிழிந்துபோயிருந்த ரோஜாத் தொட்டியில் கால் வைத்து, மண்ணைச் சிதறடித்து இறங்கியது. "ச்சூ" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தின் குறுக்கே வந்து ஜன்னல் கட்டைமேல் ஏறி, மெத்தையை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது. மழையின் முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. ஸ்பிரிங் அண்ணனைப் பார்த்துக் கரகரப்பாக ஒரு முறை கத்தியது.

"கூப்பிடுங்களேன்" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில். "இப்பதான் வாயில ஒண்ணும் இல்லையே."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு ஆணிகூட இல்லாத வாயை, ஆணிகள் உதிர்ந்துவிடப் போவதுபோல இறுக மூடிக்கொண்டு, "ம்ம்" என்றார்.