யசோதராவின் சிமெண்டு பெஞ்சு

யசோதராவுக்கு வீடு உண்டு, உட்காரத்தான் இடம் கிடையாது. தண்டையார்பேட்டையில் தம்பி குடும்பத்தோடு ஒற்றை அறை. மிளகாய்க் கிடங்கில் நாளெல்லாம் காம்பு கிள்ளிவிட்டு அவள் திரும்பும்போது பிள்ளைகள் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருப்பார்கள், டி.வி. அலறும். போ என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. அதனால் சோறு ஆகும்வரை மாநகராட்சிப் பூங்காவில், வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் இருப்பாள். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று அவளைக் கேட்க அங்கே ஆளில்லை.

துறைமுகத்துச் சரக்கு ரயிலுக்கு இன்னொரு தண்டவாளம் போட அந்தப் பூங்காவைக் கேட்டார்கள். பேட்டையே சாலையில் உட்கார்ந்து கத்தியது. யார் காதிலும் ஏறவில்லை. மரத்தில் சிவப்புப் பெயின்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள்.

யசோதராவின் வீட்டுச் சுவரில் இருப்பவர்கள் புத்தரும் அம்பேத்கரும்தான். சாமி கும்பிட்டுப் பழக்கமில்லை. ஆனால் ஊரைத் தெரியும். மளிகைக்கடை இசக்கியம்மாளிடம் போனாள்.

"யக்கா, ஒரு மஞ்சத்துணி குடு. மரத்துல கட்டிவுட்டா எவன் கை வெப்பான்?"

திருநெல்வேலிக்காரியான இசக்கியம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீயாட்டி இதக் கேக்க?"

"எனக்குக் குந்தறதுக்கு எடம் ஓணும்க்கா. அவ்ளோதான்."

துணி கட்டி, குங்குமம் அப்பி, எலுமிச்சை குத்திய சூலமும் நட்டார்கள். மரம் வெட்ட வந்த இயந்திரக்காரன் சூலத்தைப் பார்த்ததும் இறங்கிச் செருப்பைக் கழற்றினான்.

"நம்மாலே ஆவாது சார். எனக்கும் புள்ளகுட்டி கீது."

அடுத்து வந்தவனும் அதையே சொன்னான். கடைசியில் பாதையைப் பாழடைந்த கிடங்குகள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். பேட்டை பட்டாசு வெடித்தது.

ரயில் போய்விட்டது, அம்மன் போகவில்லை. ஆடிக்குக் கூழ் ஊற்றினார்கள். பிறகு கம்பிக்கதவு, ஒலிபெருக்கி, உண்டியல். கருவறை கட்ட பெஞ்சை உடைத்தபோது யசோதரா கிடங்கில் இருந்தாள். முதல் துணி கட்டியவள் என்று முதல் சொம்புக் கூழை அவளுக்குத்தான் கொடுத்தார்கள். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வருகிறது. ஒரு நாற்காலி போட ஒருவருக்கும் தோன்றவில்லையே.

இப்போதும் வேலை விட்டதும் அங்கேதான் போகிறாள். வேறெங்கே போவாள்? நேற்று மரத்தடியில் சற்று நேரம் நின்றாள். கோயில் பொறுப்பு இப்போது இசக்கியம்மாளிடம். அவள் அன்பாகத்தான் தோளைத் தொட்டாள்.

"கும்புட்டாச்சுன்னா நவுந்துக்க தாயி. பொறத்தால ஆளுவ நிக்காவ."

யசோதரா நகர்ந்தாள். வீட்டில் சோறு ஆக இன்னும் நேரமிருந்தது.