எதிர்வீட்டு அக்காவும் என் முப்பத்தைந்து கிலோவும்

எங்கள் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் ஆஸ்பத்திரியில் இருந்த எடை மெஷின் ஓர் ஆள் உயரம் இருக்கும். மேலே ஓர் இரும்புத் தண்டு, அதில் நகரும் ஒரு குண்டு. எடை பார்க்கும் ஆயாம்மா அந்தக் குண்டை விரலால் தள்ளிக்கொண்டே போவார். தண்டு மிதக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மேசையருகே எழுதிக்கொண்டிருக்கும் சிஸ்டருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார். எனக்கு அவர் வெகுநேரம் தள்ளினார். பிறகு, "நூத்தி நாலு" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. குனிந்து செருப்பை எடுக்க முடியாமல், சுவரைப் பிடித்தபடி கால்விரலால் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற பெண் மெஷினில் ஏறினாள். "முப்பத்தொம்போது" என்றார் ஆயாம்மா. யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் இறங்கி வந்து, குனிந்து, என் செருப்பைத் திருப்பிக் காலடியில் வைத்தாள். "ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டா வகுந்தா சரியாப் பூடும், இல்ல?" என்றாள்.

அவள் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நேர் எதிர்வீட்டுக்காரி. அவள் அங்கே குடிவந்து இரண்டு வருடம் ஆகியும் அன்றுதான் அந்தக் குரலை முதல்முறையாகக் கேட்டேன். திருவதிகையில் பிறந்தவள், என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், பிள்ளை இல்லை. கணவர் என் அப்பா வேலை பார்த்த அதே பிரிவில் அப்பாவுக்குக் கீழே இருந்தார். அவர் வேலைக்குப் போகும்போது அக்கா கேட்டுக்குள் நின்று பார்ப்பாள். பிறகு கதவு சாத்திக்கொள்ளும். மாலையில் அவர் சைக்கிள் மணி கேட்டால் திறக்கும். எங்கள் வரிசையில் யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. அடக்கமான பெண் என்றுதான் என் அம்மாவே என்னிடம் சொல்வாள்.

நான் ஆபீஸில் டைப்பிஸ்ட். ரத்த அழுத்தம் ஏறி, முட்டி வீங்கி, மாதவிலக்கு நின்றுபோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். லேடி டாக்டர் கோபமே இல்லாமல் சொன்னார்: முப்பத்தைந்து கிலோ குறைய வேண்டும், இல்லாவிட்டால் நாற்பதைப் பார்ப்பதே கஷ்டம். தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். அரிசியைக் குறைத்துக் கேழ்வரகுக்கு மாறச் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அவள் அழுதாள். மறுநாள் முதல் எனக்குக் கேழ்வரகுக் கூழ் வைத்தாள். நான் பார்க்காத நேரத்தில் அதில் நெய்யையும் விட்டாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான். அதை எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நடப்பதுதான் பெரிய பாடு. எங்கள் டவுன்ஷிப் ரோடுகள் நேராக, நீளமாக, இரண்டு பக்கமும் மரம் வைத்துப் போகும். முதல் ஷிப்டுக்குச் சைக்கிளில் போகிற அத்தனை ஆண்களும் அந்த ரோடுகளில்தான் போவார்கள். முதல் நாள் நான் தனியே நடந்தபோது, பின்னாலிருந்து ஒருவர் விடாமல் மணியடித்தார். நான் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறேனாம். இரண்டாம் நாள் நான் போகவில்லை. அப்பாதான் எதிர்வீட்டுக்குப் போய், பெண் தனியாக நடக்கக் கூச்சப்படுகிறாள், உங்கள் வீட்டில் அவர்களைக் கொஞ்சம் துணைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். மேலதிகாரி வாசலில் நின்று கேட்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. காலை ஐந்திலிருந்து ஆறேகால் வரை என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் ஐந்து அடிக்கும் முன்பே அக்கா எங்கள் கேட்டில் நின்றாள். தலைவாரி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவள் மாதிரி இருந்தாள்.

நாங்கள் சேர்ந்து நடந்த பதினான்கு மாதங்களில் அவள் ஒருநாளும் என் எடையைக் கேட்டதில்லை. எவ்வளவு தின்றாய் என்று கேட்டதில்லை. "இந்த ரோடு எங்க போவுதுன்னு பாத்துட்டு வந்துடலாம், வா" என்பாள். அவ்வளவுதான். அந்த ரோடு இன்னொரு பிளாக்குக்குப் போகும். அங்கும் எங்கள் வீட்டைப் போலவே வரிசையாக வீடுகள், வாசலில் ஒரு பலா, ஒரு முந்திரி, துவைக்கிற கல். அவளுக்கு அது போதும். யார் வீட்டில் என்ன செடி, யார் வீட்டுக் கேட்டுக்கு என்ன பச்சை என்று பார்த்துக்கொண்டே வருவாள். மறுநாள் அதற்கடுத்த ரோடு. மார்க்கெட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர டவுன்ஷிப்பில் எதையும் அவள் பார்த்ததில்லை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. மூச்சு வாங்கி நான் நின்றால், அவளும் நின்று முந்தானையால் எனக்கு விசிறுவாள். ஆனால் அவள் கண் மட்டும் ரோட்டின் கோடியில் இருக்கும். அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, திரும்பிவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்னும் கொஞ்சம் நடப்பேன். என் எடை அப்படித்தான் குறைந்தது.

சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓரிடத்தில் வாய்க்காலாக ஓடும். விடியற்காலையில் அது வெதுவெதுப்பாக இருக்கும். அக்கா அதில் காலை நனைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருவாள். அதற்குள் ஷிப்டுக்கான சங்கு ஊதிவிடும். எழுந்து என்னைவிட வேகமாக நடக்கத் தொடங்குவாள்.

நடுவில் ஒன்றரை மாதம் எடை தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிட்டது. கூழையும் கீரையையும் பார்த்தாலே குமட்டியது. ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவர்கள், "இன்னும் அப்படியேதான் இருக்கே" என்று சொல்லிவிட்டு, மேசையில் வடைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். ஒருநாள் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. அக்கா கேட்டில் நின்றாள். அம்மா போய், அவளுக்கு அலுப்பாக இருக்கிறதாம், நீ போம்மா என்று சொன்னாள். அக்கா போகவில்லை. ஜன்னலருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "பாப்பா, நீ வரலன்னா நானும் உள்ளதான் பூடணும்" என்றாள். என்னை எழுப்புவதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

எண்பது கிலோவுக்கு வந்தபோது அக்கா ஒரு ஆசை சொன்னாள். கணவர் வேலை பார்க்கிற சுரங்கத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்பினோம். அவ்வளவு தூரம் நான் அதுவரை நடந்ததில்லை. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வேலிக்கு வெளியே ஒரு செம்மண் மேடு இருந்தது. பாதி மேட்டில் என் முட்டி மடங்கிவிட்டது. கையை ஊன்றித் தவழ்ந்தேன். முப்பத்தொன்பது கிலோ அக்கா என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தாள். மேலே நின்று பார்த்தபோது கீழே பூமி படிப்படியாக இறங்கிக்கொண்டே போயிற்று. ஒரு வீடு உயரமுள்ள மெஷின்கள் அடியில் பொம்மை மாதிரி நகர்ந்தன. அக்கா மேட்டின் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இம்மாம் பெரிய பள்ளத்துல எறங்கி ஏறி வர்ற ஆளுக்கு, நான் தெருவுல நிக்கிறது பெருசாத் தெரியுது பாரு."

நாங்கள் திரும்பும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. அவர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "நல்லா நடந்தியாம்மா?" என்று அன்பாகக் கேட்டார். மறுநாள் அக்கா வந்தபோது முந்தானையை இழுத்து வலது கையை மூடியிருந்தாள். நான் விலக்கிப் பார்த்தேன், முழங்கை வரை வரிவரியாகக் கன்றியிருந்தது. துணி காயப்போடுகிற கம்பி பட்டுவிட்டது என்றாள். நான் மேலே கேட்கவில்லை. அன்று எந்தப் புது ரோட்டுக்கும் போகாமல், சங்கு ஊதுவதற்கு வெகு முன்பே திரும்பிவிட்டோம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அப்பா காதுல போடாதே. அடுத்த வீட்டு விஷயம். நாம ஏதாவது கேக்கப்போயி, அவ நடக்க வர்றதும் நின்னுடப் போகுது" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் வெளியே வரவேண்டுமானால் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

கடைசியில் அந்த நாள் வந்தது. அதே ஆயாம்மா, அதே உரத்த குரலில், "அறுவத்தொம்போது" என்றார். லேடி டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். அம்மா தாங்கமுடியாத மகிழ்ச்சியில் ஒரு குண்டான் நிறையக் கேசரி கிண்டி, எங்கள் வரிசை முழுவதற்கும் கொடுத்தாள். எதிர்வீட்டுக்கு நானும் அவளோடு போனேன். அவர் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, ருசியைப் பாராட்டினார். பிறகு இயல்பாக, "அதான் கொறஞ்சிட்டுதே. இனிமே இவ வர வேணாம் இல்லீங்களா?" என்றார். அம்மா தலையாட்டினாள். அக்கா அடுக்களை வாசலில் கேசரித் தட்டோடு நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். எங்கள் மகிழ்ச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்து, நாங்களே அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் போய் எதிர்வீட்டுக் கேட்டில் நின்றேன். கதவு திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் வந்தாள். போ என்று கையால் காட்டினாள்.

எனக்கு அப்போது தோன்றியது ஒரே ஒரு வழிதான். சாப்பிடத் தொடங்கினேன். காலையில் பூரி, ஆபீஸில் போண்டா, சாயங்காலம் கடையில் பரோட்டா. பசிக்காமல், ருசிக்காமல், ஒரு வேலையைச் செய்கிற மாதிரி தின்றேன். இரண்டு மாதத்தில் ஏழு கிலோ ஏறிற்று. அப்பா பயந்துபோய் மறுபடி எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "அது சாப்பாட்டு விஷயம் சார். ஒங்க பொண்ணுக்காவ நடந்து என் வூட்டுக்காரிதான் எலும்பாப் பூட்டா" என்றாராம். அப்பாவும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். உண்மைதானே என்று அம்மாவிடம் சொன்னார்.

ஒருநாள் மதியம் நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அக்கா தன் வீட்டு வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள். கிட்டே போனதும் என் கன்னத்தையும் கையையும் ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எப்போதும் மெல்லப் பேசுகிறவள் அன்று கோபமாகப் பேசினாள். "எனக்காவ நீ தின்னுகினு இருக்கறியா? வேணாம். நான் பாத்ததெல்லாம் என்கிட்டத்தான் இருக்குது, அத யாரும் வாங்கிக்க முடியாது. நீ மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டியின்னா, அதுவும் இல்லாமப் பூடும்." நான் அழுதேன். அவள் அழவில்லை. "காலைல எழுந்து போ. எந்த ரோட்டுக்குப் போனேன்னு வந்து எனக்குச் சொல்லு" என்றாள்.

அப்படியே செய்தேன். தனியாக நடந்தேன், மணியடித்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். அவர் வேலைக்குப் போனதும் ஆபீஸ் கிளம்புமுன் வேலியோரம் நின்று, எந்த பிளாக், யார் வீட்டில் பலா காய்த்திருக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே துணி துவைப்பாள். ஏறிய ஏழு கிலோவும் இறங்கின. ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. பிறகு அவர்கள் பக்கத்து ஊரான வடக்குத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று நான் அறுபதைத் தாண்டிவிட்டேன். அந்த எடை திரும்ப ஏறவில்லை. நான் இருக்கும் நகரத்துப் பூங்காவில் இளம்பெண்கள் கையில் கட்டிய கருவியில் காலடியை எண்ணிக்கொண்டு நடக்கிறார்கள். செல்போனில் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் உற்சாகப்படுத்துகிறார்கள். எப்படிக் குறைத்தீர்கள் ஆன்ட்டி, யார் துணை இருந்தார்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். ஓர் அக்கா இருந்தாள் என்று மட்டும் சொல்கிறேன். அவளுக்கு யார் துணை இருந்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை. சம்பளம் வாங்குகிற, நாலு பேரிடம் பேசத் தெரிந்த பெண்ணாக நான் இருந்தேன். அந்தக் கையைப் பார்த்த நாளில் நான் என்ன செய்திருக்கலாம் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். பதில் எதுவும் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தாலும் அதைச் செய்யும் தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்பதும் தெரியவில்லை.

கல்யாணம் நிச்சயமாகி ஊரைவிட்டுப் போகுமுன், பத்திரிகை கொடுக்க வடக்குத்துக்கு ஒருமுறை போனேன். சுற்றிலும் உயரமான மதில் எழுப்பியிருந்தார்கள், வேலியே இல்லை. அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் அக்காவிடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் சொன்னார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். திருப்தியாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். கிளம்பும்போது அவள் வெளியே வரவில்லை. அவர்தான் கேட் வரை வந்தார். "ஒடம்ப நல்லா வெச்சிருக்கம்மா. இப்பிடியே வெச்சிக்க" என்றார்.

"சரிங்கண்ணா" என்றேன். நான் தெருவில் இறங்கியதும் அவர் கேட்டைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்.